மீன்கூடை விளக்கு

வீட்டு அலங்கார டிசைனர் ஒருவரின் ரீல்ஸைப் பார்த்து மயங்கி, எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே குடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உள்ளே பல்பு மாட்டியவன் நான். சாப்பிட்டு எழுந்தால் குடைமுனை உச்சந்தலையில் குத்தும். அதனால்தான், வல்லத்திராக்கோட்டை டவுன் பஸ்ஸில் முன்சீட்டு அம்மாள் அதே டிசைனரின் பெயரைச் சொன்னதும் காதை நீட்டினேன். பக்கத்தில் அவருடைய நாத்தனார்.

"விளக்குல மீன் வாடை அடிக்குதுன்னு, பொண்ணு பாக்க வந்தவங்க எந்திரிச்சுப் போய்ட்டாங்க செல்வி."

"விளக்குலயா?"

"கோட்டைப்பட்டினத்துல பழைய மீன்கூடை வாங்கியாந்து, ஹால்ல விளக்காத் தொங்கவிட்டிருக்கா எம் பொண்ணு. அந்த டிசைனர் அப்படித்தான் செய்வாராம். பல்பு சூட்டுல வாடை கெளம்பிருச்சு. வெள்ளிக்கிழமையும் அதுவுமா கவுச்சியான்னு மாப்பிள்ளையோட அம்மா மூக்கைப் பொத்திருச்சு. பஜ்ஜியைக்கூடத் தொடல."

"கூடையில பல்பு மாட்ட ஒரு டிசைனரு! நாளைக்கு வெளக்கமாத்துலயும் மாட்டுவாரு. அப்ப சம்பந்தம் போச்சா அண்ணி?"

"அதான் இல்ல. மாப்பிள்ளை காலையில போன் பண்ணுனாரு. பொண்ணையும் பிடிச்சிருக்காம், விளக்கையும் பிடிச்சிருக்காம். அவங்க வீட்டுக்கும் ஒண்ணு வேணுமாம்."

நாத்தனார் இறங்குவதற்கு எழுந்தார்.

"ரெண்டுக்கும் மூக்கே இல்ல. இன்னொரு வீடு நாறாம, இதுகளுக்கே பேசி முடிச்சிருங்க அண்ணி."