தலைகீழாய் விழுந்த காளை

பழைய காசை யாரும் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான். சிவனாண்டி சார், நீங்கள் இன்ஸ்பெக்டர் உடுப்போடு கோச்சடையில் என் வீட்டுக்கு வந்த அன்று உங்களிடமும் இதைத்தான் சொன்னேன். செம்பின் மேல் ஏறியிருக்கிற கறுப்பும் பச்சையும் போய்விட்டால், அந்தக் காசு அதற்குப் பிறகு எதையும் சொல்லாது.

வங்கி வேலை முடிந்தபின் எனக்கு இது ஒன்றுதான். பேரையூரில் உழும்போது கிடைத்தாலும் கொட்டாம்பட்டியில் கிணறு தூர் வாரும்போது கிடைத்தாலும், சுப்பராமன் சாரிடம் காட்டுங்கள் என்பார்கள். காசடித்தவன் செய்த பிழையைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. இரண்டு விஷயங்களை எல்லாரும் குழப்பிக்கொள்வார்கள். அடிக்கும்போது காசு நழுவி, அதே அச்சு மறுபடி விழுந்தால் டபுள் ஸ்ட்ரைக். அது கவனக்குறைவு, அவ்வளவுதான். வேறொரு ராஜாவின் காசையே எடுத்து, அதன் மேல் தன் அச்சை அடித்தால் ஓவர்ஸ்ட்ரைக். அதற்குத்தான் மதிப்பு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும், அடியில் இருந்தது ஓரத்திலாவது கொஞ்சம் மிஞ்சும்.

அந்த மிச்சத்தில் அரபு எழுத்து இருந்தால் உபைதுல்லாதான் வாசித்துச் சொல்வான். காஜிமார் தெருவில் அத்தர் கடை வைத்திருந்தவன். எனக்கு அரபு தெரியாது. ஞாயிறு காலைகளில் அவன் மனைவி சைனப் கொடுத்துவிட்ட இடியாப்பத்தோடு என் மொட்டை மாடிக்கு வருவான். சாய்வெயிலில் காசைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம்.

ஒரே ஒரு காசுக்கு மட்டும் நான் அவனைக் கேட்கவில்லை. நாயக்கர் காலத்துக் காளை போட்ட செப்புக்காசு. காளையின் முதுகுக்கு மேலே ஒரு வளைவும் ஒரு கோடும் தெரிந்தன. இத்தனை வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அரபு எழுத்தாகத்தான் பட்டது. ஒரு தடவையாவது முழுக்க நானே கண்டதாக இருக்கட்டும் என்று ஆசை. சுல்தான் காசின் மேல் நாயக்கர் அச்சு, இதுவரை யாரும் கண்டதில்லை என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் நாணயச் சங்க மலரில் அட்டைப் படமாகவே போட்டார்கள். மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். நேரில் பார்க்க ஒரு பேராசிரியர் சென்னையிலிருந்து வருவதாகவும் ஏற்பாடாயிற்று.

அவர் வருவதற்கு முந்தின ஞாயிறு, உபைது காசைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பினான்.

"அண்ணே, இது எழுத்து இல்லண்ணே. அதே காளதான், தலகீழா ரெண்டாந்தரம் விழுந்திருக்கு. இந்தா வாலு. இது திமிலு."

பார்த்தேன். வாலும் திமிலும்தான். அவன் சிரிக்கவில்லை.

"மனச விட்றாதீக. நாந்தான் தப்பா வாசிச்சுக் குடுத்தேன்னு வர்ற பேராசிரியர்ட்டச் சொல்லிர்றேன். அத்தர் விக்கிறவனுக்கு இதுல என்ன போகுது? உங்க பேருண்ணே முக்கியம்."

யோசித்துப் பாருங்கள் சார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். நாலு பேரிடம் சொல்லி என்னை அவமானப்படுத்தியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இனி ஒவ்வொரு ஞாயிறும் அவன் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார வேண்டும். தவிர, அவன் பொய் பேசி அறியாதவன். என் பொருட்டு அந்தப் பாவம் அவனுக்கு வேண்டாம் என்றும் நினைத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாடிப்படி செங்குத்தானது. அவன் முன்னால் இறங்கினான். நான் முதுகில் கை வைத்தேன். பெரிய பலமெல்லாம் தேவைப்படவில்லை.

கால் வழுக்கி விழுந்தான் என்று உங்களிடம் சொன்னேன். சைனப்பிடமும் அதைத்தான் சொன்னேன். "கடேசி நேரத்துல நீங்க கூட இருந்தீகளேண்ணே, அது போதும்" என்று அழுதது அந்தப் பிள்ளை. நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் கண்டது சரி. ஒரு காயத்தின் மேல் இன்னொரு காயம். அடியில் இருப்பது படியின் விளிம்பு, மேலே இருப்பது அம்மிக் குழவி. மிக்சி வந்த நாளிலிருந்து படிக்கு அடியில் கிடந்த குழவி. அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் அதைச் செய்திருக்கக் கூடாது. அந்த மூலையில் தூசி இல்லாத ஒரே சாமான் அதுதான் என்று நீங்கள் வந்ததுமே கண்டுகொண்டீர்கள்.

பிழைத்தால் காட்டிக்கொடுத்துவிடுவான் என்ற பயத்தில்தானே மறுபடி அடித்தேன் என்று கேட்டீர்கள். நான் படியிறங்கிப் போனபோது அவனுக்கு நினைவு இருந்தது. தள்ளியது யார் என்றும் தெரிந்திருந்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீகண்ணே, நானாத்தான் விழுந்தேன்னு சொல்லிர்றேன்" என்றான்.

அப்படியே சொல்லியிருப்பான் சார். சாகும்வரை மாற்றிப் பேசியிருக்க மாட்டான். அதனால்தான் குழவியை எடுத்தேன்.