உள்ளே கைப்பிடி இல்லாத கதவு

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடக்கூடாது, மேடம். இந்த ஊரில் எல்லோரும் செய்கிற தவறு அது. உப்புக் காற்றும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே பிசினாகிவிடும். மெஷின் ஆயில் இரண்டு சொட்டு போதும். நீங்கள் கேட்க வந்தது இது இல்லை என்று தெரியும். ஆனாலும், வெளியூர் போகிறோம், வீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோதே அங்கே கேட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்து மனசு கேட்கவில்லை.

உட்காருங்கள். காபி போடச் சொல்லியிருப்பேன். என் மனைவி ஹேமாம்புஜம் காலையில் அறைக்குள் போனவள் இன்னும் வரவில்லை.

என் பெயர் ராமானுஜன். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கிடங்கில் வேலை பார்த்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எப்படிக் காணாமல் போகும் என்றுதான் முதலில் தோன்றும். அப்பா விட்டுப்போன அம்பாசிடர் கார் ஒன்று இருக்கிறது. வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்டு ஷெட் கட்டி அதில் நிறுத்தியிருக்கிறேன். ஓட்டுவதில்லை. ஓட்டினால் தேயும், வெளியே எடுத்தால் நாலு பேர் கண்ணில் படும். நாங்கள் கோயிலுக்குப் போக ஆட்டோ இருக்கிறது.

தெருவில் இரண்டு பைக் களவு போனதும் நான் கொஞ்சம் சுதாரித்துக்கொண்டேன். ஷட்டருக்கு இரண்டு பக்கமும் பூட்டு. ஜன்னலுக்குத் தகடு. காரின் பாட்டரியைக் கழற்றி வந்து படுக்கையறையில் வைத்தேன். பிறகு பின்சக்கரம் ஒன்றையும் கழற்றிக் கட்டிலின் காலடியில் சாய்த்து வைத்தேன்.

"ஏன்னா, தூக்கத்துல கால நீட்டினா டயர் இடிக்கறது. மீதிக் காரையும் கொண்டுவந்துட்டா நான் போய் ஷெட்டுல படுத்துப்பேன்" என்றாள் ஹேமாம்புஜம்.

அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனால் சிரிக்க மாட்டாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சிரித்தது அமலன் வந்த பிறகு. பக்கத்து வீட்டுக்காரன், புன்னைக்காயலில் பிறந்தவன், துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன். மனைவி காலமாகிவிட்டாள், மகன் மஸ்கட்டில். நாங்கள் இருவரும் தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடப்போம். அவனுக்கு இழுப்பு உண்டு. நாலு அடி நடந்தால் நின்று, சட்டைப் பையிலிருந்து மருந்துக் குப்பியை எடுத்து வாயில் வைத்து உறிஞ்சிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. என் பூட்டுகளைப் பற்றி நான் பெருமையாகச் சொன்னபோது அவன் சொன்னான்:

"சாமி, இதெல்லாம் கோழி அடைக்கதுக்கு ஆகும். கள்ளன் பெருசா காப்பான் பெருசா, பாத்துருவோமா?"

அந்த வாரமே ஒரு மத்தியானம் ஷெட்டைத் திறந்தால் பானெட் மேல் ஒரு பொட்டலம். மக்ரூன், இந்த ஊர் பேக்கரி முந்திரிப் பண்டம். பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. பழைய குடைக்கம்பி ஒன்றுதான் அவன் ஆயுதமாம். நான் பூட்டை மாற்றினேன், மறுபடி மக்ரூன் வந்தது. ஜன்னலை அடைத்தேன், மக்ரூன் வந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியைச் சிமெண்டு வைத்துப் பூசினேன். அதற்கு மட்டும் கால் கிலோவாக வந்தது, பாராட்டுப் போல.

அவன் எதையும் எடுத்துப் போகவில்லையே என்று நீங்கள் கேட்பீர்கள். தெருவில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கும் வேடிக்கை புரியும், மேடம். நானும் சிரித்தேன்.

ஆனால் மக்ரூனில் முட்டையின் வெள்ளைக்கரு உண்டு. எங்கள் வீட்டில் முட்டை தெருவோடு போனால்கூட வாசல் தெளிப்போம். ஒவ்வொரு பொட்டலத்தையும் குப்பையில் போடும்படி ஹேமாம்புஜத்திடம் கொடுப்பேன், அவளும் வாங்கிக்கொண்டு போவாள். ஒரு நாள் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் காலிப் பொட்டலங்களைப் பார்த்தேன். ஒன்றல்ல. அழகாக மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைத்திருந்தாள். அன்று மாலை கொல்லைச் சுவர் ஓரமாக அவள் குரல் கேட்டது.

"அடுத்த தடவ முந்திரி நெறைய இருக்கறதா பாத்து வாங்குங்கோ."

"சாமி பூட்ட மாத்தட்டும் மாமி, வாங்கியாரேன்."

அதற்கு அவள் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். மக்ரூன்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? எனக்குக் கவலை ஷெட்டைப் பற்றித்தான்.

வழி சொன்னதும் அமலன்தான். ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது கீழவைப்பார்க்காரர்கள் கடலுக்கு அடியில் வைக்கிற மீன்கூட்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

"கூட்டுக்குப் பூட்டே கெடயாது சாமி. வாசல் தொறந்துதான் கெடக்கும். மீனு நேரா உள்ள போயிரும். திரும்பி வர வழிதான் தெரியாது."

கிடங்கில் அத்தனை வருஷம் இருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. பூட்டு திருடனை வெளியே நிறுத்துகிறது. வெளியே நிற்கிறவன் நாளைக்கும் வருவான். உள்ளே நிறுத்தினால் அந்தக் கவலை இல்லை.

ஷெட்டின் பக்கவாட்டில் இரும்புக் கதவு ஒன்று வைத்தேன். தானாகச் சாத்தித் தாழிட்டுக்கொள்ள ஸ்பிரிங். கைப்பிடி வெளியே மட்டும். வெல்டிங் செய்ய வந்த இசக்கிராஜா தலையைச் சொறிந்தான்.

"உள்ள கைப்பிடி வேண்டாங்கிய. உள்ள மாட்டிக்கிட்டா எப்படித் தொறப்பிய?"

"எந்தக் காராவது உள்ளே இருந்து ஷெட் கதவைத் திறந்து பார்த்திருக்கிறாயா?" என்றேன். அவனும் சிரித்துவிட்டான். எனக்கும் வேடிக்கையாகப் பேச வரும், மேடம். வீட்டில்தான் யாரும் கவனித்ததில்லை. அமலனின் கௌரவத்துக்காக அந்தக் கதவில் சின்னதாக ஒரு பூட்டும் தொங்கவிட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. காருக்குத் திருமண் இட்டு, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தோம். ஹேமாம்புஜத்துடன் ஸ்ரீவைகுண்டம் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தங்கை வீட்டில் தங்கி, மறுநாள் விஜயதசமி காலையில் திரும்புவதாக ஏற்பாடு. பூஜை போட்ட பொருளை மறுபூஜை வரை தொடக்கூடாது, தெரியும் அல்லவா? இதை எல்லாம் அமலனிடம் அன்று காலையில் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்லாமல் எப்படிப் போவது?

அவன் பொறுமையில்லாதவன். நாங்கள் கிளம்புவதற்குள்ளேயே வந்துவிட்டான். ஹேமாம்புஜம் ஆட்டோவில் ஏறிவிட்டாள். தெருமுனை லாரி செட்டில் பூஜைக்காக ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நடுநடுவே பாட்டு மாறும்போது ஷெட்டுக்குள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏன்னா, ஷெட்டுல ஏதோ சத்தம் கேக்கறதே?"

"பெருச்சாளி" என்றேன்.

"பாவம், அதுவும் உசிர்தானே. தொறந்து விட்டுட்டு வாங்கோளேன்."

பூஜை போட்டாயிற்று, நாளைக் காலை வரை திறக்கக்கூடாது என்றேன். சாஸ்திரம் என்றால் அவள் எதிர்த்துப் பேச மாட்டாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவன் ஏன் போன் பண்ணவில்லை என்று உங்கள் ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். அவன் பக்கத்து வீட்டுக்குச் இடுப்பில் கட்டிய சாரமும் பனியனுமாகத்தான் வருவான். சாரத்தில் பை கிடையாது. போன் அவன் வீட்டு ஜன்னலில் சார்ஜில் கிடக்கும். மருந்துக் குப்பி ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் இருக்கும். காரின் ஹாரனை அடித்துப் பார்த்திருப்பான். பாட்டரிதான் என் அறையில் இருக்கிறதே. புரட்டாசி வெயிலில் அந்தத் தகரக் கூரையின் கீழ் நான் ஒரு மணி நேரம் நின்றதில்லை. எனக்கு இழுப்பும் கிடையாது. இரவு உங்கள் காவலர் ரோந்து வந்து ஷட்டர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாராம். நல்ல பொறுப்பான ஆள். அப்போது உள்ளே சத்தம் எதுவும் இல்லை என்று சொன்னார், அது உண்மையாகத்தான் இருக்கும்.

நீங்கள் அந்தச் சின்னப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். உள்ளே போனவன் வெளியே தொங்குகிற பூட்டை எப்படிப் பூட்டினான் என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் கெட்டிக்காரர்.

நான்தான் பூட்டினேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆட்டோவிலிருந்து இறங்கிப் போனேன். எப்போதும் அப்படி இழுத்துப் பார்க்கிறவன்தான், அவள் ஒன்றும் நினைக்கவில்லை. அவன் கழற்றிய பூட்டு கொண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. என் காலடிச் சத்தம் கேட்டு அவன் தட்டுவதை நிறுத்தினான்.

"சாமி, நாந்தான். தோத்துட்டேன், ஒத்துக்கிடுதேன். தொறங்க, மூச்சு முட்டுது."

பூட்டைக் கையில் எடுத்தேன். அவன் இரண்டாவது தடவை "சாமி" என்றான். அதில் கிண்டல் இல்லை. பூட்டை மாட்டி அழுத்தினேன். மெஷின் ஆயில் விட்டது, சத்தமே வரவில்லை. உள்ளே இருப்பது யார் என்றும் தெரியும், வெயில் ஏறினால் என்ன ஆகும் என்றும் தெரியும். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

இன்று காலை கற்பூரத் தட்டுடன் ஷட்டரைத் திறந்தபோது ஹேமாம்புஜம் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். பானெட்டில் பொட்டலம் எப்போதும் போல இருந்தது, எறும்பு மொய்த்திருந்தது. அவன் பக்கக் கதவின் உள்பக்கம், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தபடி சாய்ந்து விறைத்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பெருச்சாளின்னேளே" என்றாள்.

அப்புறம் உள்ளே போய்விட்டாள். நீங்களும் தட்டிப் பார்த்தீர்கள், திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறாள், நாற்காலியையும் இழுத்து முட்டுக்கொடுத்திருக்கிறாள் போல. எதற்கு இவ்வளவு பயம் என்றுதான் எனக்குப் புரியவில்லை, மேடம். இந்த வீட்டுக்குள் இனி எந்தத் திருடனும் வர முடியாது என்று நீங்களாவது அவளிடம் சொல்லுங்கள்.