ஒரு வரி தள்ளி

சாரல் காலத்தில் எங்கள் பக்கம் துணி சீக்கிரம் காயாது. அதனால் பீரோவில் எப்போதும் இரண்டு துண்டுகளை மடித்துத் தயாராக வைத்திருப்பேன். ஒன்று எனக்கு. மஞ்சள் கரை போட்டது சத்யபிரியாவுக்கு. பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீடு வரை அவள் நனைந்துகொண்டேதான் வருவாள். குடை கொடுத்தால் எங்கேயாவது விட்டுவிட்டு வருவாள்.

நீங்கள் தேர்வைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன். துண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் விஷயம் உங்களுக்குப் பிடிபடும்.

என் பெயர் கல்யாணசுந்தரி. வயது ஐம்பத்து நான்கு. பண்பொழிக்குப் பக்கத்து ஊரில், நடுநிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருடமாகக் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் தம்பி பொங்கலுக்குப் போன் செய்வான். இதையெல்லாம் காரணமாகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்ல வேண்டிய விவரம், அவ்வளவுதான்.

சத்யபிரியா ஏழாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். அப்பா பேச்சிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா முப்பிடாதியம்மாள் பீடி சுற்றுகிறவள். வீடு ஒரே அறை. அதில் பீடி இலையும் தூளும் போக மிச்ச இடத்தில்தான் நாலு பேர் உட்கார வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்க என் வீட்டுக்கு வந்தவள், ஏழு மணி வரை இருந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டாள். போகும்போது சொன்னாள்.

"டீச்சர், ஒங்க வீட்ல கடியாரம் ஓடுத சத்தம் கேக்குது. எங்க வீட்ல கடியாரம் இருக்கதே தெரியாது."

அவள் போன பிறகு கவனித்தேன். கேட்கத்தான் செய்தது. அதற்கு முன் ஆறு வருடம் அது எனக்குக் கேட்கவில்லை.

அதன்பின் தினமும் வந்தாள். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் உதட்டைச் சுழிப்பாள், பிறகு நேராக விடையை எழுதுவாள். இருபத்தொன்பது வருடத்தில் அப்படி ஒரு பிள்ளை எனக்கு வந்ததில்லை.

போன வருடம் பிப்ரவரியில் அந்தப் புதிய கணக்குத் தேர்வு வந்தது. அப்போது அவள் எட்டாம் வகுப்பு. நானே வகுப்பாசிரியை. எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். நாற்பத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். பிள்ளைகளுக்கு ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழக்கமில்லை. அதனால் முதல் வருடம் மட்டும் அவர்கள் கேள்வித்தாளிலேயே பென்சிலால் விடையைச் சுழித்தால் போதும் என்றார்கள். அதைப் பார்த்து ஓ.எம்.ஆர். தாளை வகுப்பாசிரியர் பேனாவால் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் முதலில் வருகிற பிள்ளைக்கு மதுரைப் பக்கம் விடுதியோடு சேர்ந்த பள்ளியில் இடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை செலவில்லை.

தேர்வு முடிந்து பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் இருபத்து மூன்று தாள்களை அடுக்கிவைத்து நிரப்ப உட்கார்ந்தேன். சத்யபிரியா மட்டும் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், மதுரைல சாரலே கெடையாதாம்லா? ஹாஸ்டல்ல ஆளுக்கு ஒரு கட்டிலாம். எங்கப்பா இப்பவே பொட்டி வாங்கணும்னு சொல்லுதாரு."

"முதல்ல மார்க் வரட்டும்டி," என்றேன்.

"வரும் டீச்சர். எல்லாம் தெரிஞ்ச கணக்குதான்."

கட்டிலைப் பற்றிச் சொன்னாள், பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சாயங்காலங்களில் நான் என்ன செய்வேன் என்று அவள் கேட்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை, அதெல்லாம் தோன்றாது. நான் குறையாகச் சொல்லவில்லை.

தாள்களை நிரப்பினேன். இருபத்திரண்டு தாள்களில் ஒரு தவறும் கிடையாது. நீங்களே சரிபார்த்திருப்பீர்கள்.

ஏப்ரலில் முடிவு வந்தது. முதல் வருட முடிவைப் பெற்றோரைக் கூட்டி வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் தலைமை ஆசிரியர் கிங்ஸ்லி சார் எதையும் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறவர். இருபத்து மூன்று பேரின் பெயரையும் மதிப்பெண்ணையும் வரிசையாக ஃப்ளெக்ஸில் அடித்துக் கேட்டில் கட்டிவிட்டார். மேலே பச்சை எழுத்து, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. கூட்டம் தொடங்கும் வரை அதைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"உங்க குரல்தான் கணீர்னு இருக்கும் டீச்சர். நீங்களே வாசிச்சிருங்க," என்றார்.

சனிக்கிழமை மத்தியானம். ஆளுக்கு ஒரு டீயும் காராபூந்தியும் கொடுத்தோம். முப்பிடாதியம்மாள் பீடித் தட்டு இல்லாமல் வெளியே வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். புதுச் சேலை. முன்வரிசை. பக்கத்தில் சத்யபிரியா, தலை நிறையப் பிச்சிப்பூவோடு.

மேலிருந்து வாசித்தேன். முதல் பெயர் சுந்தரபாண்டி, முப்பத்தாறு. நல்ல உழைப்பாளிப் பையன். கைதட்டினார்கள். இரண்டு, மூன்று, ஐந்து என்று போகப் போக முப்பிடாதியம்மாள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பதினைந்துக்குப் பிறகு விட்டுவிட்டாள்.

"இருபத்து மூன்றாவது, சத்யபிரியா. பதினொன்று."

பின்னாலிருந்து மணிமுத்து, பக்கத்துத் தெருக்காரர், சத்தமாகச் சொன்னார். "என்ன மாப்ள, மதுரைக்கு லோடு ஆட்டோலயே பொட்டியத் தூக்கிட்டுப் போறேம்னியே. டீசல் மிச்சம்லா ஒனக்கு."

சிரித்தார்கள். பேச்சிராஜ் எழுந்துவிட்டார். "ஏலே, சும்ம இரிலே." பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், மாத்திக் கீத்தி வாசிச்சிட்டியளோ? ஒரு தடவ நல்லாப் பாருங்க."

பார்த்தேன். விரலை வைத்துப் பார்த்தேன். "பதினொன்னுதான் அண்ணாச்சி. முதல் வருஷம்தான, மனசுல வச்சுக்கிடாதீங்க."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு தடவை வாய்ப்பு இருந்தது.

எல்லோரும் போன பிறகு சத்யபிரியா வந்தாள். அழவில்லை. "டீச்சர், நா எல்லாஞ் சரியாத்தான சுழிச்சேன்?" என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள், வேறு யாரிடமும் கேட்கவில்லை.

"நமக்குச் சரின்னு தோணும். நெனப்பு வேற, விடை வேறட்டி," என்றேன்.

தலையாட்டினாள். தலையிலிருந்த பூவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

கிங்ஸ்லி சாருக்கும் மனம் ஒப்பவில்லை. "பதினொண்ணு, கண்ண மூடிட்டுச் சுழிச்சாலே வந்திருமே டீச்சர். அந்தப் பிள்ளைக்கு எப்படி? மேல எழுதிக் கேப்பமா?"

"கேக்கலாம் சார். அவங்க எல்லாத் தாளையும் திரும்ப எடுத்துப் பார்த்து, மத்த பிள்ளைக மார்க்கும் கொறைஞ்சா என்ன செய்ய?" என்றேன். பள்ளியின் சராசரி நன்றாக வந்திருந்தது. அவர் விட்டுவிட்டார்.

மதுரைக்குச் சுந்தரபாண்டி போனான். ஃப்ளெக்ஸ் மழை வரும் வரை கேட்டிலேயே தொங்கியது. சத்யபிரியா டி.சி. வாங்க வந்த அன்று பின்பக்க வேலி வழியாக வந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் பண்பொழியில் சேர்த்தார்கள். சாயங்காலம் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. இன்னும் சீக்கிரமாகவே வந்தாள், தனக்குப் படிப்பு ஏறவில்லை, டீச்சர்தான் கரையேற்ற வேண்டும் என்று. சொல்லப்போனால் என் வாழ்க்கையிலேயே நல்ல வருடம் அதுதான். இரண்டு டம்ளர் காபி. இரண்டு தட்டு. கடிகாரம் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. விடையை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பிறகு அழித்துவிட்டு வேறொன்றை எழுதுவாள். முதலில் எழுதியதுதான் சரியாக இருக்கும். அழி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முகத்தை அப்படியே வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் கணக்கில் போய்விட்டது. மே மாதம் பேச்சிராஜ் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர், நீங்க சொன்னாச் சரி. பத்தாவது தேறுவாளா, இல்ல தையலுக்கு அனுப்பிரட்டா? பிள்ளை இப்பல்லாம் வாயே தெறக்க மாட்டேங்குது."

பத்தாம் வகுப்பென்றால் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் வைப்பார்கள், ஆறரை ஆகும். தையல் கடையை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"தையலும் நல்ல தொழில்தான் அண்ணாச்சி," என்றேன்.

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜூனிலிருந்து பண்பொழி கடையில் அவள் பட்டன் கட்டினாள். ஐந்தரை பஸ்ஸில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல சாரல். நான் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகத் துண்டை நாற்காலியில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றைக்குக் கை மாவாக இருந்தது. "பீரோவுல மஞ்சக் கரைத் துண்டு இருக்கு, எடுத்துத் தொவட்டிக்கோட்டி," என்று உள்ளேயிருந்தே சொன்னேன். துண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன் என்று நினைக்கிறேன்.

அவளுடைய கேள்வித்தாள் இருந்தது. தேர்வு முடிந்து ஒரு மாதத்தில், முடிவு வருவதற்கு முன்பே, எல்லாக் கேள்வித்தாளையும் பழைய பேப்பரில் போடச் சொன்னபோது, கட்டிலிருந்து அவளுடையதை மட்டும் எடுத்து வந்தேன். வேறு யாராக இருந்தாலும் அப்போதே அடுப்பில் வைத்திருப்பார்கள். எனக்கு முடியவில்லை. இன்னொன்றும் செய்திருந்தேன். தேர்வு அன்றைக்கே அதைத் திருத்தியிருந்தேன். நல்ல விடைத்தாள் கைக்கு வந்தால் திருத்தாமல் வைக்க எனக்குத் தெரியாது. சரியான ஒவ்வொரு விடைக்கும் சிவப்பு மையில் டிக். மேலே நாற்பத்து மூன்று, மிக நன்று, கையெழுத்து, தேதி.

பஜ்ஜித் தட்டோடு வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கேள்வித்தாள். என் டிக்குகளை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து தானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைச் சுழித்துக்கொண்டு. ஒன்றையும் அழிக்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசிப் பக்கம் வரை போனாள். "நாப்பத்தி மூணு," என்றாள்.

"பஜ்ஜி ஆறுது," என்றேன்.

கேள்வித்தாளைத் துண்டுக்குள் சுருட்டி, மழை படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். நேராகக் கிங்ஸ்லி சார் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். மறுநாள் அவர் உங்கள் கல்வி அலுவலகத்துக்கு எழுதினார்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். கை தவறவில்லை. அவளுடைய முதல் விடையை இரண்டாம் வரியில் நிரப்பினேன். இரண்டாவதை மூன்றாம் வரியில். அப்படியே ஒரு வரி தள்ளிக் கடைசி வரைக்கும். நாற்பத்தைந்தாவது விடைக்கு இடமில்லை, அதை மேலே காலியாக இருந்த முதல் வரியில் போட்டேன். யாராவது கண்டுபிடித்தாலும் அவசரத்தில் வரி மாறிவிட்டது என்பார்கள். அவள் எழுதிய எந்த விடையையும் நான் மாற்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். அவளுக்காகத்தான். தெரியாத ஊர், நூறு பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கட்டில். நனைந்து வந்தால் துவட்டிக்கொள் என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

அடுத்த வாரம் அவளை மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது, மறுபடி ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்று கிங்ஸ்லி சார் சொன்னார். அது சரிப்படாது. அவளுக்கு இந்த ஊர்தான் பிடிக்கும்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா? சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மேசையில் கேள்வித்தாளோடு இருக்கிற அந்த மஞ்சள் கரைத் துண்டு என்னுடையது. ஆனால் அதை என்னிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளிடமே கொடுங்கள். துவைத்து, மடித்து, அவளே ஐந்தரை பஸ்ஸில் கொண்டு வருவாள்.