நாற்பது பவுண்டு காற்று

சைக்கிளுக்குச் சக்கரம் வாங்கும்போது எடையைப் பார்த்து வாங்குங்கள். வண்டியில் வேறு எங்கே கனம் இருந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், சுழல்கிற இடத்தில் கனம் இருந்தால் தொடை கடுத்துப்போகும். என் பெயர் ஆத்மநாதன். புதுக்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், ஐயா. கடைக்கு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். கோபிநாத்துக்கும் இதைத்தான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கோபிநாத் செத்து மூன்று மாதம் ஆகிறது. விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சைக்கிள் தெரியாது.

அவன் கணக்கு வாத்தியார், முப்பத்திரண்டு வயது. நான்கு வருடத்துக்கு முன், தொப்பையைக் குறைக்கவேண்டும் என்று கடைக்கு வந்தான். நான்தான் மவுண்டன் பைக் எடுத்துக் கொடுத்து, எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன். ஏழெட்டுப் பேர் விடிந்ததும் கிளம்பி, குளத்தூர்ப் பக்கம் ஒரு பாறைக்குன்றில் ஏறி இறங்கி வருவோம். கிளம்பும் முன் எல்லார் டயரையும் நான் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "போலாம்" என்பேன். அதற்குப் பிறகுதான் வண்டிகள் நகரும். யாரும் வைத்த சட்டம் இல்லை, பழகிவிட்டது. உச்சிக்கு முதலில் போய்ச் சேருகிறவனும் நான்தான். அதுவும் பழகிவிட்டது.

போன வருடம் ஆடியில் அவன் என்னைத் தாண்டினான். தாண்டியதில் வருத்தம் இல்லை, எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஆனால் மேலே போய் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்துக் காத்திருந்தான்.

"மெதுவா வாங்கண்ணே. அவசரமே இல்ல, நான் நிக்கிறேன்."

அடுத்த வாரமும் நின்றான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினான். அவனிடம் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. எட்டு மாதம் இப்படியே நின்றான். வீட்டில் தட்டு முன்னால் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனை வெறுத்தேன், ஐயா. யாரையும் அப்படி வெறுத்தது கிடையாது.

பங்குனியில் கடைக்கு வந்து, எடை குறைவான டியூப்லெஸ் சக்கரம் வேண்டும் என்றான். "நீங்களே பாத்து எடுங்கண்ணே. எனக்கு இதுல என்ன தெரியும்?"

ஒரு வாரம் தேடினேன். டியூப்லெஸ்ஸில் உள்ளே டியூப் கிடையாது. டயரும் ரிம்மும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டுதான் காற்றைப் பிடித்துவைக்கும். அப்படிக் கவ்வுவதற்கு ரிம் விளிம்பில் உள்பக்கமாக ஒரு மடிப்பு இருக்கும். எடையைக் குறைப்பதற்காகச் சில கம்பெனிகள் அந்த மடிப்பை எடுத்துவிடுகின்றன. அப்படி ஒன்றைத்தான் எடுத்தேன். நல்ல சக்கரம்தான். காற்று மட்டும் நாற்பது பவுண்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டயர் கழன்றுவிடும். அதைச் சொல்லிப் பெட்டிக்குள் சீட்டு வைத்திருந்தார்கள், ரிம்மிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள்.

நம்மூரில் டயர் விரலுக்கு அமுங்கினால் காற்று இல்லை என்று அர்த்தம். லாரிக்கு அடிக்கிற கடையில் நிறுத்தி, கல்லாகும்வரை அடித்துக்கொண்டுதான் போவார்கள். கோபிநாத் அறுபதுக்குக் குறைந்து அடித்ததே இல்லை. இந்தச் சக்கரத்துக்கு அது ஆகாது என்று சொல்லவேண்டியவன் நான். ஸ்டிக்கரைப் பெட்ரோல் தொட்டுச் சுத்தமாகத் துடைத்தேன். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய முன்சக்கரத்தை அமுக்கினேன். விரல் இறங்கவில்லை. "போலாம்" என்றேன்.

குன்றில் ஒரு கல்லில் மோதியதும் டயர் கழன்றது. பின்னால் வந்த எனக்குச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது பாறையில் மோதி நெஞ்சில் அடிபட்டுக் கிடந்தான். என்னைப் பார்த்ததும், "அண்ணே, வீலுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான்.

"ஒண்ணும் ஆகலப்பா. பேசாம படு."

ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

போன வாரம் அவன் மனைவி ரஞ்சிதா அந்தச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். அவள் தம்பி அருண்குமாருக்குச் சைக்கிள் ஆசை.

"அவரு ஆசைப்பட்டு வாங்குனது, சும்மா கெடக்குண்ணே. நீங்க பாத்து மாட்டிக் குடுத்தா எனக்குப் பயமில்ல."

ரிம் கோணிவிட்டது, உதவாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் போனபிறகு ஒரு வண்டிக்குச் செயின் மாற்றிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. பசித்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சோறு இப்போது நன்றாகவே இறங்குகிறது. அதை யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது, இங்கே வந்தேன்.

அவனைச் சாகடிக்கவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. மேட்டில் ஏறும்போது டயர் போனால் ஆள் நடைவேகத்தில்தான் இருப்பான், காலை ஊன்றி நின்றுகொள்வான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேலே நின்று, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கவேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். மூன்று மாதமாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல நிஜம் போலவே இருக்கிறது.

ஆனால் அன்றைக்கு நாங்கள் வழக்கமான பக்கமாக ஏறவில்லை. பின்பக்கத் தார்ரோட்டில் மேலே போய், பாறைத்தடத்தில் கீழே இறங்கினோம். வழியை மாற்றச் சொன்னவன் நான். உச்சியில் அவன் எனக்காக நின்றபோது, "நீ முன்னால போப்பா, நல்லா வேகமா விடு" என்று சொன்னவனும் நான்தான்.