பிரேக் இல்லாத கார்

என் பெயர் செல்லி, வயது இருபத்து நான்கு, கணவர் பெயர் வேடியப்பன், ஜவ்வாதுமலை புங்கமரத்தூரில் குடியிருக்கிறேன். என் கணவர் வாடகை ஜீப் ஓட்டுகிறார். 1987ஆம் வருடம் தை மாதம் அவருடன் வேலூர் பொருட்காட்சிக்குப் போனபோது அங்கே வீடியோ கேம் பெட்டியில் கார் ஓட்டினேன். கண்ணாடியில் ரோடு ஓடிவரும், கையில் ஸ்டியரிங், காலடியில் ஆக்சிலேட்டர். எதிலாவது மோதினால் கார் வெடித்து, உடனே வேறொரு கார் ரோட்டில் வந்து நிற்கும். அவர் கையைப் பிடித்து இழுத்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அதன்பின் நேற்றுக் காலை கலசப்பாக்கம் சந்தைக்கு ஆட்களையும் புளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கியபோது நான் முன்சீட்டில் இருந்தேன். வளைவில் மரக்கிளை உரசி, கூட்டிலிருந்த குளவிகள் உள்ளே புகுந்து என் கணவர் கழுத்தில் கொட்ட, அவர் மயங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். வண்டி தானாக இறங்கியது. நான் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

அதன்பின் ரோடு என்னைப் பார்த்து ஓடிவந்தது. பொருட்காட்சியில் வந்த அதே ரோடு. வளைவு, எதிரே வந்த மாட்டுவண்டி, பாலத்துச் சுவர், எல்லாவற்றுக்கும் கை தானாகத் திரும்பியது. பின்சீட்டிலிருந்த சுந்தரம்மாள் அக்கா, "பிரேக்கைப் போடுடீ!" என்று அலறினார். அந்தப் பெட்டியில் பிரேக்கே கிடையாது, ஆகவே அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே வந்ததாகச் சாட்சிகள் சொல்வது உண்மை. எனக்கு அவ்வளவு குஷியாக இருந்தது.

அதன்பின் அடிவாரத்தில் அர்ச்சுனன் என்பவரின் வைக்கோல் போரில் ஜீப் புகுந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் அடிபடாமல் இறங்கினார்கள். நான் மட்டும் ஸ்டியரிங்கை விடாமல் அடுத்த வண்டி வருமென்று காத்திருந்தேன்.

"இன்னாடி குந்திகினு கீறே? உன் வூட்டுக்காரர் மூஞ்சியப் பாரு!" என்று அக்கா உலுக்கிய பிறகே பார்த்தேன். முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. இவருக்குப் பதில் இன்னொருவர் வந்து நிற்கமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அழுதேன்.

அதன்பின் எல்லோரும் சேர்ந்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் கண் விழித்தவர், "வண்டிய எவன் ஓட்னான்?" என்று கேட்டார். "நாந்தான் மாமா" என்றேன். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

என் கணவர் விளையாட்டாக என்னிடம் வண்டியைக் கொடுத்தார் என்ற அர்ச்சுனனின் புகார் பொய். அவர் லைசென்ஸை ரத்து செய்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஓட்டியது நான், குற்றத்தை என் பேரில் எழுதிக்கொள்ளவும். ரத்து செய்ய என்னிடம் லைசென்ஸ் இல்லை. அதை எடுக்க எங்கே மனுக் கொடுக்க வேண்டும் என்பதையும் ஐயா அவர்கள் தெரிவிக்கக் கோருகிறேன்.

இதில் கூட்டியோ குறைத்தோ ஒன்றும் சொல்லவில்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது இதுதான்.

(ஒப்பம்) செல்லி
என் முன்னிலையில், சார்பு ஆய்வாளர்