முதல் இருபது பேர்

என் அண்ணனுக்குச் சினிமாவை இடைவேளையோடு விட்டுவிட்டு வருகிற பழக்கம் உண்டு, ஐயா. முடிவுதான் தெரிந்துவிட்டதே என்பான். நான் கடைசிப் பெயர் ஓடுகிறவரை உட்கார்ந்திருக்கிற ஆள்.

இருவரும் ஒரே கம்பெனியில்தான் இருந்தோம். பேக்கேமன் என்று ஒரு பகடை ஆட்டம். அதைக் கம்ப்யூட்டருக்கு ஆடக் கற்றுத்தருவது எங்கள் வேலை. அவன் ஒரு புரோகிராம் எழுதினான், நான் ஒன்று. எது கெட்டிக்காரப் புரோகிராம் என்று பார்க்க இரண்டையும் மோதவிட்டோம். பகடை என்றால் அதிர்ஷ்டம் புகுந்து விளையாடும். நூறு ஆட்டத்துக்குள் மக்குப் புரோகிராம்கூட முந்திக்கொள்ளும். அதனால் பத்தாயிரம் ஆட்டம் என்று பேச்சு. நூறு முடிந்தபோது அவனுடையது முன்னால் இருந்தது. "போதும்டா, தெரிஞ்சுபோச்சு" என்று நிறுத்திவிட்டான். முதலாளி அவன் கையைக் குலுக்கினார். என் பல வருட உழைப்பு குப்பைக்குப் போனது. அதன் பின்னாலேயே என் வேலையும் போனது.

மிச்ச ஆட்டங்களை வீட்டில் ஓடவிட்டேன். என்னுடையதுதான் ஜெயித்தது, அதுவும் நல்ல வித்தியாசத்தில். போய்ச் சொன்னேன். "இன்னும் அதையே கட்டிக்கிட்டு அழறியா?" என்று சிரித்தான். வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் பிறகு அணையவே இல்லை. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அண்ணி கையால் சாப்பிட்டேன், பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினேன்.

போன வருடம் அவனுக்கு இதயத்தில் கோளாறு. டாக்டர் ஆபரேஷன் என்றார். கத்தி என்றாலே அவனுக்கு உதறல். நேரே என்னிடம் வந்தான். "டாக்டர் ஆயிரம் சொல்லுவார். நீ கணக்குப் பாத்துச் சொல்லுடா, நான் கேட்டுக்கறேன்" என்றான்.

அதே கோளாறு வந்தவர்களின் பழைய விவரங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஆபரேஷன் வேண்டாமென்று வீட்டுக்குப் போனவர்களில் முதல் இருபது பேர், அதிர்ஷ்டம்தான், நன்றாகவே இருந்தார்கள். அந்த இருபது பேரை மட்டும் அவனுக்குக் காட்டினேன். ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அவன் முகத்தில் அப்போதே தெளிவு வந்துவிட்டது.

சில மாதங்களில் குளியலறையில் விழுந்தான். தூக்கும்போதே உயிர் இல்லை. கத்தி படாமல் நிம்மதியாகப் போனாரே, அது உங்களால்தான் தம்பி என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவன் எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்தேன். பிடித்த இடத்தில் நிறுத்தினேன், அவ்வளவுதான். ஆட்டத்தை நிறுத்தியபோது அவனுக்கு மிச்சம் தெரியாது. நான் மிச்சத்தையும் படித்திருந்தேன். வீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் வருடம் தாண்டவில்லை.

அந்த இருபது பேரைக் காட்டிய அன்று, கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"முழுசாப் பாத்துட்டியாடா?"

"பாத்துட்டேண்ணே" என்றேன்.

அண்ணனிடம் நான் பொய் சொன்னதே கிடையாது, ஐயா.