உப்புத் தூவிய ஐஸ்

தூள் ஐஸில் கல்லுப்பைத் தூவினால் குளிர் இன்னும் கடிக்கும் ஐயா. காசிமேட்டு மீன் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். எனக்கும் அங்கேதான் வேலை.

என் மனைவி ஃப்ளோராவுக்கு முடக்குவாதம். விரல்கள் கோணி, முட்டி வீங்கி, படுத்த படுக்கை. தலை வாரிவிட்டது, சோறு ஊட்டியது, கக்கூசுக்குத் தூக்கிப் போனது எல்லாம் நான்தான். ராயபுரத்தில் விசாரித்துப் பாருங்கள். பங்குச்சாமியார் பிரசங்கத்திலேயே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

டாக்டரம்மா புது ஊசி எழுதினார். உடம்புக்குள் 'எதிரி வந்துட்டான், அடி' என்று ஒரு சேதி ஓடுகிறதாம். எதிரியே கிடையாது. அடி விழுவது சொந்த மூட்டுக்கு. இந்த ஊசி அந்தச் சேதியை வழியிலேயே மறிக்குமாம். "குளிர்ச்சியா வைங்க, ஆனா உறையக் கூடாது. உறைஞ்சா மருந்து செத்துடும்" என்றார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் படாமல் துணி சுற்றி வைத்தேன். ஊசி போடவும் கற்றுக்கொண்டேன்.

மருந்து கேட்டது. ரத்தத்தில் அந்தச் சேதி அடங்கிவிட்டது என்று டாக்டரம்மா சிரித்தார். ஃப்ளோரா தானே கொண்டை போட்டுக்கொண்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் வீடு பூட்டியிருந்தது. எங்காவது விழுந்து கிடக்கிறாளோ என்று எனக்குத் தோன்றவில்லை. போய்விட்டாள் என்றுதான் தோன்றியது.

கூடையோடு வந்தாள். "இன்னா நைனா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற? மீன் ஏலத்துக்குப் போயிருந்தேன்."

"சொல்லாம போவியா?"

"கக்கூசுக்குப் போறதுக்கே உன்னாண்ட கேட்டுகினு கெடந்தேன். இனிமே முடியாது. எர்ணாவூர்ல அக்கா வூட்டாண்ட மீன் கடை போடப்போறேன். வந்தா வா, இல்லாங்காட்டி இங்கியே கெட."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டாலே உடம்பு விறைக்கும். சோறு இறங்காது. பயந்தவன் என்ன செய்வான், சொல்லுங்கள்.

அந்த வாரம் பெட்டியிலிருந்து துணியை எடுத்துவிட்டு உப்பைத் தூவினேன். ஊசி மருந்து கல்லாக இறுகியது. உருகவிட்டு, உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, வலிக்காமல் போட்டேன். அதன் பிறகும் ஒரு வாரத்து ஊசியைக்கூடத் தவறவிட்டதில்லை.

விரல்கள் திரும்பக் கோணின. சேதி மறுபடி ஏறியிருக்கிறதே என்று டாக்டரம்மா குழம்பினார். மிச்ச மருந்தைக் கொண்டுவரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

"இது உறைஞ்சிருக்கே" என்றார்.

சக்கர நாற்காலியில் ஃப்ளோரா பக்கத்திலேயே இருந்தாள். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆமாம் ஐயா, தெரிந்துதான் செய்தேன். வாக்குமூலத்தைச் சீக்கிரம் எழுதிக்கொண்டு என்னை அனுப்பிவிடுங்கள். நான் ஊட்டாமல் அவள் சாப்பிட மாட்டாள். நேற்றுக்கூட, கஞ்சியோடு போய் நின்றால், பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவே இல்லை. நோய் தாடைக்கும் ஏறிவிட்டது போலிருக்கிறது.